ஞாயிற்றுக்கிழமை மூட்டைகள்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, இன்னும் எங்கெங்கிருந்தோ ஞாயிற்றுக்கிழமைகளில் கையுறையும் சாக்குமாக நீலகிரிக்கு ஏறி வந்து குப்பை பொறுக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் குன்னூரில் குட்டி யானை ஓட்டுகிறவன். (பயப்பட வேண்டாம், நான்கு சக்கரம் உள்ளதைத்தான் சொல்கிறேன்.) வாரத்தில் ஆறு நாள் காரட், பீட்ரூட், முட்டைகோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவேன். ஏழாவது நாள், அதாவது நீங்கள் வருகிற நாள், எங்கள் ஊர் ஆட்கள் ஆறேழு பேரோடு சேர்ந்து ஒரு படிக்கட்டுப் பாதையையும் அதன் அடியில் ஓடும் ஓடையையும் பார்த்துக்கொள்கிறோம். ஒன்பது வருடம் ஆகிறது. அதில் எனக்கு விழுந்த பங்கு மூட்டை ஏற்றுவது, வண்டி வைத்திருப்பவனுக்கு வேறென்ன விழும்? அதனால் நீங்கள் போட்டோ எடுத்து முடித்து, டீ குடித்துவிட்டு இறங்கிப் போன பிறகு என்ன நடக்கிறது என்பது உங்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல். கோபமாக எழுதுகிறேன் என்று நினைத்தால், பாதி சரி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாத ஞாயிறு. மலைப்பாதையில் ஒரு வளைவு தாண்டியதும் ஒரே நிறத்தில் பனியன் போட்ட அறுபது எழுபது பேர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்கவே நன்றாக இருந்தது, வண்டியை ஓரம் கட்டி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போனேன். மதியத்துக்குள் நாற்பது மூட்டைக்கு மேல் கட்டிவிட்டார்கள். அவற்றைத் தடுப்புச் சுவர் ஓரமாக வரிசையாக அடுக்கி, பின்னால் ஃப்ளெக்ஸ் பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். மூட்டையை யார் எடுப்பது? யாராவது எடுப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அந்த யாராவதுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலையில் காரட் ஏற்றிக்கொண்டு அதே வளைவுக்கு வருகிறேன், ரோடு முழுக்கக் குப்பை. இரவில் காட்டுப்பன்றியோ கரடியோ, இரண்டுமோ, ஒரு மூட்டை விடாமல் கிழித்திருந்தது. பிரியாணி ஒட்டிய அலுமினியப் பொட்டலம், கேக் டப்பா, குழந்தை டயப்பர் எல்லாம் சரிவில் வழிந்து கீழே ஓடை வரைக்கும் போயிருந்தது. முந்தின நாள் வரை அந்தக் குப்பை அரைக் கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடந்தது, இப்போது ஒரே இடத்தில், வாசனையோடு, மிருகத்துக்கு இலை போட்டுப் பரிமாறிய மாதிரி. நடுவில் நீல நிறக் கையுறைகள் வேறு. அவையும் உங்களோடு வந்தவைதான். ஃப்ளெக்ஸும் அங்கேயே கிடந்தது, அதில் எழுதியிருந்த வாசகத்தைச் சொல்ல மாட்டேன், எனக்கே சங்கடமாக இருக்கிறது.

எந்தக் கல்லூரி, எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அது யார் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். முதல் வருடம் நாங்களே அப்படித்தான் செய்தோம்.

வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் அம்மாவே எழுந்து வந்து அடிப்பார். என் அப்பாவும் அம்மாவும், இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறி மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து, டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியேறியவர்கள். அம்மா கடைசி வரை இந்த வேலையைச் 'சிரமதானம்' என்றுதான் சொல்வார், இலங்கையில் அதுதான் சொல். லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பாசி பிடித்தாலும், கோயில் பாதையில் புல் வளர்ந்தாலும், வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். வராதவர்களை யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் சாயந்திரம் தண்ணீர் பிடிக்கப் போகும்போது ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், அது போதும். அதில் ஒரு விஷயம் பாருங்கள்: அந்தப் பீலியில் மறுநாள் தண்ணீர் பிடிக்கப் போவது அதே ஆட்கள்தான். சரியாகச் செய்யாவிட்டால் வழுக்கி விழப்போவதும் அவர்கள்தான். உங்களுக்கும் இந்த மலைக்கும் நடுவில் அந்த மறுநாள் இல்லை. என் வருத்தமெல்லாம் அது ஒன்றுதான்.

எங்கள் படிக்கட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். எந்தப் படிக்கட்டு என்று பெயர் போட மாட்டேன், போட்டால் ரீல்ஸ் எடுக்க வந்துவிடுவீர்கள். மேலே வீடுகள், கீழே பஜார், நடுவில் நூற்றுச் சொச்சம் படி. குன்னூரே மேல் குன்னூர், கீழ் குன்னூர் என்று ஏணி மாதிரி அமைந்த ஊர், படிக்கட்டுதான் எங்களுக்குத் தெரு. நாங்கள் தொடங்கும்போது அது பாட்டில், கவர், சாராய நாற்றம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரை மைல் சுற்றி ரோடு வழியாகப் போவார்கள். முதல் வருடம் முழுக்க ஞாயிறு தவறாமல் பொறுக்கினோம். அடுத்த ஞாயிறு அதே அளவு இருக்கும். எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர், கணக்குப் பிள்ளை மாதிரி நோட்டில் எழுதுவார்: இன்று பத்து மூட்டை, இன்று பதினொன்று, இன்று பத்து. ஒரு வருடக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. எனக்கு விட்டுவிடலாம் என்றே தோன்றிவிட்டது.

அப்போதுதான் அந்தத் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் நின்று, இடுப்பில் கை வைத்து, எங்களைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, பகல்ல பொறுக்கி என்ன பண்றது? குடிக்கிறவங்க வர்றது ராத்திரி. நடுப்படியில லைட்டு எரிஞ்சா எவன் உக்காருவான்?" என்றார். ஒரு வருடம் ஞாயிறு தோறும் அவரைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தோம். ஒரு நாள்கூட அவரைக் கேட்கத் தோன்றவில்லை.

விளக்குக்கு மனு கொடுத்தோம். ஏழு மாதம் ஆனது, அந்தக் கதையை விடுங்கள், மனு கொடுத்த எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். விளக்கு வந்த மாதத்திலேயே தபால்காரர் நோட்டில் பத்து ஆறாகியது. அப்புறம் கைப்பிடிக் கம்பி. ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் பழைய குழாயில் அடித்துக் கொடுத்தார், முறையாக அனுமதி வாங்கித்தான் பொருத்தினோம். கம்பி வந்ததும் வயதானவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள், அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள். படி ஓரத்தில் ஜெரேனியம் வைத்தோம், முதல் தடவை வைத்ததைப் பாதிக்குமேல் யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், சரி போகட்டும், குன்னூரில் ஏதோ ஒரு வாசலில் அது பூத்துக்கொண்டுதான் இருக்கும். இரண்டாம் தடவை வைத்ததை மேல் வீட்டுப் பாட்டி ஒருவர் காவல் காக்கிறார். அவரிடம் சிக்கியவன் பாவம். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு மூட்டை, சில வாரம் அரை மூட்டை. ஆள் நடமாட்டம் வந்ததால் வந்த மாற்றம் இது, எங்கள் முதுகு வளைந்ததால் வந்தது இல்லை.

இதையெல்லாம் ஒரே ஞாயிற்றில் வந்து போகிறவர்கள் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். செய்ய முடியாதுதான். அதனால்தான் சொல்கிறேன், மலை முழுவதையும் காப்பாற்ற வராதீர்கள். ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு வளைவு, ஒரு பஸ் நிழற்குடை, ஒரு சிறுபாலம். வருடத்தில் ஒரு தடவை அறுபது பேராக வராமல், நான்கு தடவை பதினைந்து பேராக, அதே இடத்துக்கே வாருங்கள். இரண்டாம் தடவை வரும்போதே தெரிந்துவிடும், குப்பை எங்கிருந்து வருகிறது, எந்தக் கடைக்குத் தொட்டி இல்லை, எந்தத் திருப்பத்தில் வண்டிகள் நின்று சாப்பிடுகின்றன என்று. வந்ததும் முதலில் அந்த இடத்தைக் கூட்டும் அண்ணனையோ அக்காவையோ தேடிப் பிடித்துப் பேசுங்கள். நீங்கள் மாதத்தில் ஒரு நாள் மாலை போட்டுக்கொண்டு செய்கிற வேலையை அவர்கள் தினமும் ஆறு மணிக்குக் குளிரில் செய்கிறார்கள். அவர்களை வரிசையில் நிறுத்திச் சால்வை போர்த்த வேண்டாம், தயவுசெய்து. அவர்கள் சொல்வதைக் கேட்டால் போதும்.

கொஞ்சம் சட்டமும் பேசிவிடுகிறேன், ஏனென்றால் குப்பை பொறுக்க வருகிறவர்களே பாட்டில் தண்ணீர் கேஸ் கேஸாக ஏற்றிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். எங்கள் மாவட்டத்தில் அந்தத் தடை அதற்குப் பல வருடம் முன்பிருந்தே இருக்கிறது. அதே 2019 ஆகஸ்டில் சின்ன பாட்டில் தண்ணீரையும் இங்கே தடுத்துவிட்டார்கள், பதிலுக்குத் தண்ணீர் ஏடிஎம் வைத்தார்கள். மலையேறும் வழியில் பர்லியாரிலும் குஞ்சப்பனையிலும் சோதனைச்சாவடியில் நிறுத்திக் கேட்பார்கள். அங்கே "நாங்க க்ளீன் பண்ணத்தான் சார் வந்திருக்கோம்" என்று பாட்டிலோடு நின்று வாதாடியதை என் காதால் கேட்டேன். ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள், அவ்வளவுதான்.

சட்டம் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது சந்தோஷமான விஷயம். உயர் நீதிமன்றம் சொல்லி, டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை 2022 மே மாதம் முதலில் தொடங்கியது எங்கள் நீலகிரியில்தான். அதற்கு முன்னால் காட்டோரத்தில் நாங்கள் பொறுக்கியதில் பாதி கண்ணாடி. உடைந்த பாட்டில் யானையின் காலில் ஏறினால் அந்த ஜீவன் படுகிற பாட்டைச் சொல்ல முடியாது. இப்போது முழு பாட்டில் கீழே கிடந்தால் எங்களுக்கு முன்னாலேயே யாரோ எடுத்துவிடுகிறார்கள். நாங்கள் வருடக்கணக்கில் போர்டு எழுதி வைத்துச் சாதிக்காததைப் பத்து ரூபாய் சாதித்தது, கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. உடைந்ததற்கு மட்டும் யாரும் காசு தர மாட்டார்கள், அது எங்கள் பங்கு. அதற்குத் தடித்த தோல் கையுறை வேண்டும், நீல நிற மெல்லிசு போதாது.

மரக்கன்றுகளோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தால் எனக்குப் பயமே வந்துவிடுகிறது. எங்கள் மலையில் மரமில்லாத வெட்டவெளியைப் பார்த்ததும் அது காலியிடம் என்று நினைத்துவிடுகிறீர்கள். அது புல்வெளி. மழையைப் பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது அதுவும் சோலைக்காடும்தான். இப்படித்தான் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, புல்வெளியெல்லாம் வீணாகக் கிடக்கிறது என்று சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள், இன்றைக்கு அதை வெட்டி எடுக்க நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. கார் ஜன்னலிலிருந்து விதைப்பந்து எறிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், உள்ளே என்ன விதை என்று கேட்டால் வேம்பு என்கிறார்கள். ஆறாயிரம் அடியில் வேம்பு! கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாவிட்டால், வனத்துறையைக் கேட்டு உண்ணிச்செடி (லாண்டானா என்கிற களை) பிடுங்கப் போங்கள். முள் குத்தும், போட்டோவுக்கு அழகாக இருக்காது, ஆனால் நிஜமான வேலை. காப்புக்காட்டுக்குள் மட்டும் கேட்காமல் கால் வைக்காதீர்கள், நல்ல காரியத்துக்குத்தான் என்றாலும் வழக்கு வழக்குதான்.

சரி, மூட்டைக்கு வருகிறேன்.

நீங்கள் கட்டும் மூட்டையில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் வாராவாரம் பிரிக்கிறோம். சுத்தமான பாட்டிலும் தகரமும் அட்டையும் பழைய இரும்புக் கடைக்குப் போகும், காசும் கிடைக்கும். சிப்ஸ் பாக்கெட் இருக்கிறதே, உள்ளே வெள்ளி மாதிரி மினுங்குமே, அதை எந்தக் கடைக்காரரும் தொட மாட்டார், நிறைய சேர்த்துச் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு அனுப்பினால்தான் உண்டு. டயப்பரும் நாப்கினும் தனி. சாப்பாடு ஒட்டியது எதுவுமே எதற்கும் ஆகாது, அதோடு சேர்ந்த நல்ல பொருளையும் கெடுத்துவிடும். ஈரம், காய்ந்தது, அபாயமானது என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி 2016-லேயே திடக்கழிவு விதிகள் சொல்லிவிட்டன, வீட்டுக்கு இருக்கிற அந்த விதி உங்கள் மூட்டைக்கு இல்லையா? எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்து வாயைக் கட்டினால் ரோட்டோரக் குப்பை கிடங்குக் குப்பையாகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் ஊரிலேயே கிளீன் குன்னூர் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்கள் ஆற்றில் குப்பை எடுத்ததோடு நிற்காமல் ஒட்டுப்பட்டறைக் குப்பைமேட்டிலேயே போய்ப் பிரிக்கிற வேலையில் இறங்கினார்கள். நான் அதில் ஆள் இல்லை, எங்களுடையது படிக்கட்டு அளவுக் கும்பல். ஆனால் இந்த மலையில் யாரிடமாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அங்கே போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மூக்கை மூடாமல்.

இதைவிட முக்கியமான ஒன்று. மறுசுழற்சிக்குப் போகிற எல்லாமே கடைசியில் கீழேதான் போக வேண்டும், ஆலைகள் எல்லாம் சமவெளியில். இறக்குகிற செலவுதான் எங்கள் கழுத்தைப் பிடிக்கிறது. என் வண்டி தினமும் இறங்குகிறதே என்பீர்கள், காரட்டோடு குப்பையை ஏற்ற முடியுமா? மண்டிக்காரர் என்னை ஏற்றி அனுப்பிவிடுவார். நீங்கள் வருகிற பஸ்ஸின் டிக்கியோ திரும்பும்போது காலி. பிரித்து, அலசி, காயவைத்த மூட்டை பத்து எடுத்துக்கொண்டு போய் உங்கள் ஊர்க் கடையில் போடுங்கள். உங்கள் ஆட்கள் மேலே கொண்டு வந்ததுதானே பெரும்பாலும்! கொண்டு போவதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

பஸ் என்றதும் நினைவு வருகிறது. 2024 மே 7 முதல் இங்கே ஏற இ-பாஸ், 2025 ஏப்ரலில் இருந்து சீசனுக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று வரம்பும் போட்டது நீதிமன்றம். சுத்தம் செய்ய ஆளுக்கொரு காரில் வந்து அந்தக் கணக்கில் ஏறாதீர்கள். அரசுப் பேருந்துக்கு இ-பாஸ் வேண்டாம், மேட்டுப்பாளையத்தில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்து குப்பை எங்கே சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே வரலாம். அப்போது மூட்டையை எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்டால்தான் வழி பிறக்கும். நான்கு பேர் ஒரு வேனில், மற்றவர்கள் பஸ்ஸில், எனக்குத் தெரிந்த கணக்கு இது.

எப்போது வருவது? மே மாதத்தில் வேண்டாம், கூட்டத்தில் நீங்களும் நாங்களும் நசுங்குவோம். புரட்டாசியில் வாருங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போன மழையை நாங்கள் பார்த்தவர்கள், இன்றைக்கும் இரவில் அடித்துப் பெய்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வோம். அதனால் ஓடையில், ரோட்டுக்கு அடியில் போகும் குழாயில் ஓர் அடைப்பு என்றால் எங்களுக்கு அது பார்வைக்கு அசிங்கம் என்கிற விஷயம் இல்லை. நீர் போக வழியில்லாமல் சரிவில் ஏறினால் அடுத்தது வீடுதான். குன்னூர் ஆறு பஸ் ஸ்டாண்டைத் தொட்டுக்கொண்டு போய், காட்டேரித் தண்ணீரோடு சேர்ந்து கல்லாறாகிப் பவானியில் கலக்கிறது, அங்கிருந்து பவானிசாகர், அப்புறம் ஈரோட்டு வயல். ஈரோட்டுத் தம்பிகள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

எங்கள் படிக்கட்டுக்குக் கீழே அப்படி ஒரு குழாய் இருக்கிறது. போன வருடம் அதற்குள்ளிருந்து ஒரு மெத்தை, இரண்டு குடை, ஒரு சாமி படம், எண்ணிக்கையில்லாத கவர் எடுத்தோம். இந்த வருடம் எடுக்க எங்களில் இரண்டு பேருக்கு முட்டி ஒத்துழைக்காது, தபால்காரர் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவர் நோட்டு மட்டும் எழுதுவார். பதினைந்து பேர், குனியத் தெரிந்தவர்கள், புரட்டாசி இரண்டாவது ஞாயிறு, காலை ஏழு மணி. ரப்பர் பூட்ஸ் கொண்டு வாருங்கள், அட்டைப்பூச்சி ஏறும், பக்கத்தில் செந்தட்டி இருக்கிறது, தொட்டால் சாயந்திரம் வரை அரிக்கும். தோல் கையுறை நான் தருகிறேன். டீக்கும் வர்க்கிக்கும் கடையில் சொல்லி வைத்துவிடுவேன். ஃப்ளெக்ஸ் வேண்டாம். திரும்பும்போது வேனில் பத்து மூட்டைக்கு இடம் விட்டு வையுங்கள், மார்கழியில் மறுபடி எப்போது வருவீர்கள் என்பதையும் அன்றைக்கே தபால்காரர் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
குட்டி யானைக்காரன்,
குன்னூர்